ராட்செட் பிரித்துப் பழுதுபார்க்கத் தனிக் கருவிகள்: எதை வாங்கலாம், எதை நாமே செய்துகொள்ளலாம்?

பழையஇரும்பு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஒரு பெட்டி நிறையப் பழைய ராட்செட் (சாக்கெட் மாட்டி நட்டு, போல்ட்டைத் திருகும், ஒரு திசையில் மட்டும் கவ்வும் கைப்பிடி) கைக்கு வந்திருக்கிறது. சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவில் கால் இஞ்ச், 3/8, அரை இஞ்ச் எல்லாம் கலந்து கிடக்கின்றன. சிலது துருவில் இறுகிப்போயிருக்கிறது, சிலது ஓங்கிப் பிடித்தால் பல் நழுவுகிறது, ஒன்றிரண்டில் திசை மாற்றும் லிவர் அசைவேனா என்கிறது. தூக்கிப்போட மனசில்லை.

பிரிக்கலாம் என்று உட்கார்ந்தால் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக மூடியிருக்கிறார்கள். ஒன்றில் கியர் வெளியே வராமல் பிடிக்கும், பிளையர் முனை நுழையத் துளையே இல்லாத ரிங். இன்னொன்றில் நட்டநடுவில் முள் நிற்கும் நட்சத்திர ஸ்க்ரூ. ஒன்றில் சாக்கெட்டைப் பிடித்து நிறுத்தும் சின்னக் குண்டையே காணோம்.

இந்த வேலைக்கென்றே தனிக் கருவிகள் இருக்கின்றனவா? எதை வாங்கித்தான் ஆகவேண்டும், எதைப் பட்டறையில் நாமே செய்துகொள்ளலாம்? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

லேத்கை எழுதியது:

தம்பி, கருவி வாங்குவதற்கு முன்னால் எது பிழைக்கும், எது பிழைக்காது என்று பிரித்துவை. பிரிக்காமலே பாதி தெரிந்துவிடும்.

வைஸில் (மேசையில் பொருத்திய இறுக்குப் பிடியில்) ஒரு பெரிய போல்ட்டைக் கட்டு. ராட்செட்டில் சாக்கெட் மாட்டி அதில் வை. கொஞ்சமாக அழுத்தம் கொடு, விடு, ஒரு பல் நகர்த்து, மறுபடி அழுத்து. முழு வட்டமும் வா. பிறகு லிவரை மாற்றி எதிர்த் திசையிலும் அதையே செய். ஒன்றிரண்டு இடத்தில் மட்டும் நழுவினால் கியரில் பல் உடைந்திருக்கிறது. ஒரு திசையில் மட்டும், எல்லா இடத்திலும் நழுவினால் நாக்கின் ஒரு முனை தேய்ந்திருக்கிறது. (பல்லைக் கவ்வும் துண்டைத்தான் நாக்கு என்கிறேன்.) இரண்டு திசையிலும் நழுவினால் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம், கிரீஸ் காய்ந்து நாக்கை ஒட்டிப் பிடித்திருக்கலாம். அல்லது தலைக்குள்ளே நாக்கு உட்காரும் குழியே விரிந்துபோயிருக்கலாம்.

குழி விரிந்ததற்கு எந்தக் கருவியும் கிடையாது. புதுக் கியர், புது நாக்கு, புது ஸ்பிரிங் எல்லாம் போட்டாலும் மறுபடி நழுவும். ரிப்பேர் கிட் (உள் உதிரிகள் சேர்ந்து வரும் பொதி) வாங்குகிறவர்கள் முதலில் பார்க்கவேண்டிய இடம் அந்தக் குழியின் இரண்டு தோள்கள். நகத்தால் தடவினால் படி தட்டக்கூடாது. தட்டினால் அந்த உடலை உதிரிக்கு வைத்துக்கொள்.

இந்தச் சோதனையில் முழு பலம் போடாதே. முகத்தையும் விரல் முட்டியையும் கைப்பிடி போகும் பாதையிலிருந்து விலக்கிவைத்துக்கொண்டு செய்.

---

சர்க்ளிப்சாமி எழுதியது:

அண்ணன் சொன்னதுக்கு மேல நான் சொல்ல ஒண்ணுமில்ல, ரிங் விஷயத்தைத் தவிர. என் பேரே அதுதானே.

துளை இருக்கும் ரிங்னா (அதைத்தான் சர்க்ளிப்னு சொல்றோம்) சாதா சர்க்ளிப் பிளையர் போதும். ஆனா அளவு முக்கியம். உள் ரிங்குக்கான பிளையர் ஜே0, ஜே1, ஜே2னு வரும். ஜே0 8 முதல் 13 மி.மீ துளைக்கு, முனை 0.9 மி.மீ. ஜே1 12 முதல் 25 வரை, முனை 1.3. ஜே2 19 முதல் 60 வரை, முனை 1.8. வெளி ரிங்குக்கு ஏ0, ஏ1, ஏ2ன்னு அதே முனை அளவுகள். ராட்செட் தலைக்கு ஜே1, ஜே2 ரெண்டும் வேணும். பெரிய தலையா இருந்தாலும் ரிங்கோட துளை சின்னதா இருக்கும், அதனால ஜே1 பல சமயம் ஜே2 வேலையையும் பார்க்கும்.

முனையை மாத்திப்போடற மாதிரி ஒரே பிளையர்ல எல்லாம்னு விப்பாங்களே, அதை மட்டும் வாங்காதீங்க. முனை உள்ளே ஆடும், ரிங் எகிறும். எகிறின ரிங் எங்க போச்சுன்னு யாருக்கும் தெரியாது. கண்ணாடி போடாம இந்த வேலைல உக்காரவே கூடாது.

துளை இல்லாத வெளி ரிங்குக்கு வேற பிளையர் இருக்கு. முனை தட்டையா, வெளிப்பக்கம் சொரசொரன்னு வெட்டு போட்டிருக்கும். ரிங்கோட ரெண்டு நுனிக்கும் நடுவுல விட்டு விரிக்கணும். குதிரைலாட ரிங் பிளையர்னு கேட்டா தருவாங்க. இந்த வேலைக்குன்னு காசு போட்டு வாங்கற மதிப்பு உள்ளது என் கணக்குல இது ஒண்ணுதான்.

---

ஊசிமுனை எழுதியது:

//துளை இல்லாத வெளி ரிங்குக்கு வேற பிளையர் இருக்கு//

அது வெளி ரிங்குக்கு. உள்பக்கம் காடியில் உட்கார்ந்திருக்கும் துளையில்லாத ரிங்குக்கு எந்தப் பிளையரும் உதவாது சாமி. ஒற்றைக் கம்பி ரிங், சுருள் ரிங் இரண்டுக்கும் இதுதான் கதை. நான் தையல் மெஷின் பழுதுபார்ப்பவள். அங்கே பழகின கையோடு சொல்கிறேன்.

தலையைச் சுற்றி நன்றாகத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ரிங்கின் நுனி அருகே உடலில் ஒரு சின்ன வெட்டு இருக்கும், பெரும்பாலும் அழுக்கில் மூடியிருக்கும். அங்கேதான் ஆரம்பிக்கவேண்டும். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும் வளைந்த முனைக் கொக்கி இதற்கு அருமையாகப் பொருந்தும். நுனியைக் கொக்கியால் உள்பக்கம் தள்ளி, மேலே தூக்கி, அடியில் ஒரு மெல்லிய பித்தளைத் தகடு செருகிவிடுங்கள். பிறகு தகட்டை அப்படியே வட்டமாக நகர்த்திக்கொண்டு போனால் ரிங் தானாகக் காடியைவிட்டு ஏறி வரும். நெம்பக்கூடாது. நெம்பினால் ரிங் வளைந்துவிடும், வளைந்த ரிங் மறுபடி காடியில் முழுதாக உட்காராது. நழுவும் ராட்செட்டைவிட, ரிங் கழன்று கியர் வெளியே வரும் ராட்செட் ஆபத்து.

ரிங்கை எடுத்ததும் மேசையில் வைத்துக் கியரை இழுக்காதீர்கள். தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் தலையை விட்டு, பைக்கு வெளியிலிருந்து கியரைத் தள்ளுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் குண்டும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரியாதவரை இப்படிச் செய்வதுதான் பத்திரம்.

---

பழையஇரும்பு எழுதியது:

அக்கா, அந்தப் பை யோசனை பிரமாதம். ஸ்பிரிங்கைத் தேடித் தரையில் தவழ்ந்தே பாதி நேரம் போகும்போல் இருந்தது. காந்தத் தட்டு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

---

ஊசிமுனை எழுதியது:

காந்தத் தட்டு வேண்டாம் என்பேன். நாக்கும் கியரும் கடினமாக்கிய எஃகு, காந்தம் ஏறினால் இறங்காது. உள்ளே தேய்ந்து விழும் இரும்புப் பொடி எல்லாம் வெளியே கழுவப்படாமல் பல்லிலேயே ஒட்டிக்கொள்ளும். மடித்த வெள்ளைத் துணி போதும். சின்ன உருப்படிகளை எடுக்கப் பித்தளை இடுக்கி.

---

சர்க்ளிப்சாமி எழுதியது:

அக்கா, காந்தத் தட்டு இல்லாம எனக்குக் கை ஓடாது. காந்தம் ஏறினா காந்தம் நீக்கற கருவில ஒரு தடவை காட்டி எடுத்தா முடிஞ்சது. ஸ்க்ரூடிரைவர் முனைக்குக் காந்தம் ஏத்தவும் எடுக்கவும் வர்ற சின்னப் பெட்டி ஒண்ணு போதுமே.

---

ஊசிமுனை எழுதியது:

காட்டி எடுப்பீர்கள் என்றால் சரி. எத்தனை பேர் காட்டுகிறார்கள்?

---

எண்பதுபல் எழுதியது:

நாக்கு, கியர் விஷயத்தில் பல் எண்ணிக்கையைக் கணக்கில் எடுக்காமல் பேசக்கூடாது. 24 பல் என்றால் ஒரு பல்லுக்கு 15 பாகை. 36க்கு 10, 72க்கு 5, 90க்கு 4. இடுக்கில் வேலை செய்ய எண்ணிக்கை கூடக்கூட வசதி. ஆனால் பழுதுபார்ப்பவனுக்கு அதே அளவு தலைவலி.

கியரின் வெளி விட்டம் 25 மி.மீ என்று வைத்துக்கொள்ளுங்கள். சுற்றளவு ஏறக்குறைய 78.5 மி.மீ. 24 பல் வெட்டினால் ஒரு பல்லுக்கு 3.27 மி.மீ இடம். 36க்கு 2.18. 72க்கு 1.09 தான். அகலம் குறையும்போது பல்லின் உயரமும் குறைகிறது. 24 பல் கியரில் முனை கால் மி.மீ தேய்ந்தாலும் ஓடும். 72 பல்லில் அதே தேய்மானம் கவ்வும் ஆழத்தில் பெரும்பங்கைத் தின்றுவிடும்.

இதனால்தான் பல் எண்ணிக்கையை ஏற்றாமல் நாக்கை இரட்டிப்பாக்கும் வழியும் வந்தது. கியர்ரெஞ்ச் நிறுவனத்தின் 120 நிலை ராட்செட்டில் கியருக்கு 60 பல்தான். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய இரண்டு நாக்குகள் பாதிப் பல் இடைவெளி மாறி உட்கார்ந்திருக்கும், ஒன்று கவ்வும்போது மற்றது பல்லின் மேல் ஏறி நிற்கும். 3 பாகைக்கு ஒரு கவ்வல் கிடைக்கிறது, பல்லும் பெரிதாகவே இருக்கிறது. பிரித்துப் பூட்டும்போது மேல் நாக்கு எது, கீழ் நாக்கு எது என்று படம் எடுத்து வைக்காதவர்கள் அப்புறம் உட்கார்ந்து யோசிக்கவேண்டியதுதான்.

---

உப்புத்தாள் எழுதியது:

இவ்வளவு யோசிக்கவேண்டுமா? முனை மழுங்கின பல்லைச் சின்ன கிரைண்டரில் மெல்லிய கல் போட்டுத் தீட்டினால் கூர்மை வந்துவிடுமே.

---

லேத்கை எழுதியது:

வராது. பல்லின் உச்சியைத் தீட்டினால் உயரம் குறையும். பல்லின் பக்கத்தைத் தீட்டினால் நாக்கில் இருக்கும் பற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் உட்காராது. நாக்கு நான்கைந்து பல்லை ஒருசேரக் கவ்வுவதால்தான் சுமை பிரிகிறது. ஒரு பல்லை மட்டும் மாற்றினால் பளு மீதிப் பல்லுக்குப் போகும், அடுத்து அவை உடையும். தவிர, மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்ட உருப்படியாக இருந்தால் தீட்டும்போது அந்தத் தோலையே சீவி எறிகிறோம்.

அனுமதிக்கக்கூடியது ஒன்று உண்டு. நாக்கின் மேல், கீழ் முகங்களில் பிசிறு எழும்பியிருந்தால் தட்டையான எண்ணெய்க் கல்லில் வைத்து இரண்டு இழுப்பு. பிசிறு போய்த் தடையில்லாமல் நகர்ந்தால் போதும், அதோடு நிறுத்திவிடு.

தீட்டுவதைவிட நல்ல வழி சொல்கிறேன். லிவர் வைத்து இருபக்கமும் சாயும் ஒற்றை நாக்கு மாடல்களில், ஒரு முனை இறுக்கத்துக்கு, மறுமுனை கழற்றுவதற்கு. துருப்பிடித்த போல்ட்டை எல்லாம் கழற்றும்போதுதான் முழு பலத்தையும் போடுகிறோம், அதனால் கழற்றும் முனைதான் முதலில் போகும். நாக்கு மேலும் கீழும் ஒரே வடிவாக இருந்து, பின்னால் குண்டு உட்காரும் பள்ளமும் நடுவில் இருந்தால், அதைத் தலைகீழாகத் திருப்பிப் போடலாம். தேயாத முனை கழற்றும் பக்கம் வந்துவிடும். காசு செலவில்லை. எல்லா மாடலுக்கும் பொருந்தாது, பார்த்துச் செய்.

---

உப்புத்தாள் எழுதியது:

திருப்பிப்போடும் யோசனை எனக்குத் தோன்றவில்லை. ஆனால் புதுக் கியர் கிடைக்காத பழைய மாடலுக்கு என்ன செய்வது? தீட்டினாலாவது கொஞ்சநாள் ஓடுமே?

---

லேத்கை எழுதியது:

ஓடும். லேசான வேலைக்கு வைத்துக்கொள், யாருக்கும் கொடுக்காதே. அதே அளவு இன்னொரு பழைய ராட்செட் கிடைத்தால் இரண்டை ஒன்றாக்கு. உதிரிக்கென்று வாங்கும் பழைய ராட்செட்தான் இந்த வேலையில் சிறந்த கிட்.

---

பழையஇரும்பு எழுதியது:

முள் வைத்த நட்சத்திர ஸ்க்ரூ பற்றி யாரும் சொல்லவில்லையே. முள்ளை உளியால் உடைத்துவிட்டுச் சாதாரண முனை போடலாம் என்று ஒருவர் சொன்னார்.

---

சர்க்ளிப்சாமி எழுதியது:

அய்யோ, உடைக்காதீங்க. முள்ளை உடைக்கும்போது நட்சத்திரப் பள்ளமும் சேர்ந்து சிதையும். நடுவுல துளை போட்ட டார்க்ஸ் (நட்சத்திர) முனை ஒரு செட்டாவே கிடைக்குது, டி8லேர்ந்து டி40 வரைக்கும். ராட்செட் மூடிக்கு டி8, டி10, டி15, டி20க்குள்ளதான் பெரும்பாலும் வரும். துளை போட்ட முனை சாதா டார்க்ஸ் ஸ்க்ரூவுக்கும் பொருந்தும், அதனால தனியா ரெண்டு செட் வேண்டாம்.

முனையை விட்டுப் பார்த்து ஆட்டம் இருந்தா அடுத்த அளவு பாருங்க. பள்ளத்துல இருக்கற அழுக்கைக் கொக்கியால கிளறி எடுத்துட்டுத்தான் முனையை வைக்கணும். அழுக்கு மேல வெச்சுத் திருகினா அரை ஆழம்தான் பிடிக்கும், அப்புறம் வழவழன்னு ஆயிடும்.

---

எண்பதுபல் எழுதியது:

அந்த ஸ்க்ரூக்களில் தொழிற்சாலையிலேயே மரைப் பசை போட்டிருப்பார்கள். நீல நிறப் பசை என்றால் கைக்கருவியால் அவிழும். சிவப்பு என்றால் 250 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடு வேண்டும். தீப்பந்தம் எடுக்காதீர்கள், உள்ளே கிரீஸ் இருக்கிறது, சிலதில் ரப்பர் வளையமும் இருக்கும். சால்டரிங் இரும்பின் தடித்த முனையை ஸ்க்ரூ தலைமேல் வைத்துக் கொஞ்சநேரம் அழுத்திப் பிடித்தால் சூடு அந்த ஸ்க்ரூவுக்குள் மட்டும் இறங்கும். சூடு ஆறுமுன் திருகவேண்டும்.

பழைய மாடல்களில் ஒற்றைக் கோடு வெட்டின ஸ்க்ரூ வரும். அதற்குச் சாதாரண ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். அதன் முனை ஆப்புபோல் சரிந்திருப்பதால் திருகும்போது மேலே ஏறி வெட்டைச் சிதைக்கும். துப்பாக்கி பழுதுபார்ப்பவர்கள் வைத்திருக்கும், பக்கங்கள் இணையாக அரைத்த முனை வேண்டும். இருக்கிற ஸ்க்ரூடிரைவரையே வெட்டின் அகலத்துக்கு அரைத்துக்கொள்ளலாம். அரைக்கும்போது அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள், முனை நீலம் பாய்ந்தால் மென்மையாகிவிடும்.

---

தாங்குகட்டை எழுதியது:

நீண்ட நாளாக வாசிப்பவன், முதல் பதிவு. பிரிக்கும்போது ராட்செட்டைப் பிடித்து நிறுத்த நான் செய்துவைத்திருப்பதைச் சொல்கிறேன். தேய்ந்துபோன சாக்கெட் ஒன்றை, சதுரத் துளை மேலே பார்க்கும்படி வைஸில் கட்டிவிடுங்கள். ராட்செட்டின் சதுரத்தை அதற்குள் இறக்கினால் தலை மேசை மட்டத்தில் படுத்துக்கொள்ளும், மூடி மேல்நோக்கி இருக்கும். இரண்டு கையும் ஸ்க்ரூவுக்குக் கிடைக்கும். கைப்பிடி சுற்றாமலிருக்க ஒரு மரக்கட்டை அணை போதும்.

சதுரம் கீழே போகும்போது மூடி மேலே வரும் மாடல்களுக்கு இது. ரிங் சதுரப் பக்கம் இருக்கும் மாடல்களுக்குத் திருப்பி வைக்கவேண்டும். அப்போது அலுமினியத் தாடையோ தடித்த தோலோ இல்லாமல் வைஸில் கட்டக்கூடாது. குரோம் ஒருமுறை பெயர்ந்தால் அந்தச் செதில் விரலைக் கிழிக்கும்.

---

ஊசிமுனை எழுதியது:

முதல் பதிவே உருப்படியான பதிவு. வருக.

துருவுக்கு யாரும் உப்பு அமிலம் (ஹைட்ரோகுளோரிக்) பக்கம் போகாதீர்கள் என்று இங்கேயே சொல்லிவிடுகிறேன். அது குரோமையே கரைக்கும். அதைவிடப் பெரிய கேடு, ஸ்பிரிங்கையும் நாக்கையும் அமிலத்தில் போட்டால் எஃகுக்குள் ஹைட்ரஜன் புகுந்து நொறுங்கும் தன்மை வந்துவிடும். வெளியே பளபளப்பாக இருக்கும், ஒருநாள் படக்கென்று உடையும். அமிலமில்லாத துருநீக்கி நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டால் போதும். கிரீஸ் போக மண்ணெண்ணெய், பழைய பல் தேய்க்கும் பிரஷ். பிரேக் கிளீனர் வேகமாக வேலை செய்யும், ஆனால் பிளாஸ்டிக் லிவரும் ரப்பர் பிடியும் இருந்தால் அவற்றை முதலில் கழற்றிவிடவேண்டும்.

---

எண்பதுபல் எழுதியது:

அடுத்து கிரீஸ். எனக்குத் தெரிந்து நழுவும் ராட்செட்டுகளில் பாதிக்குமேல் தேய்மானமே கிடையாது, உள்ளே யாரோ சக்கர பேரிங் கிரீஸை அப்பி வைத்திருப்பார்கள். நாக்கு பல்லின் அடிவரை இறங்க வேண்டும். பல்லிடுக்கில் கெட்டி கிரீஸ் அடைத்துக்கொண்டால் நாக்கு அதன்மேலே மிதக்கும். குளிரில் இன்னும் மோசம். 24 பல்லுக்கு இது பெரிய விஷயமில்லை, 72 பல்லுக்கு உயிர்ப்பிரச்சினை.

பேரிங் கிரீஸ் என்எல்ஜிஐ (கிரீஸின் கெட்டித்தன்மை எண்) 2. ராட்செட்டுக்கு அதைவிட இளகின 0 அல்லது 1 எடுங்கள். பிடிஎஃப்இ (டெஃப்லான்) கலந்த செயற்கை கிரீஸ் நன்றாக இருக்கும். கியரின் சுற்றில் மெல்லிய படலம், நாக்கின் முகங்களில் ஒரு தடவல், அவ்வளவுதான். பல்லிடுக்கை நிரப்பாதீர்கள்.

---

சர்க்ளிப்சாமி எழுதியது:

நான் வெறும் இன்ஜின் ஆயில்தான் விடறேன். ரெண்டு சொட்டு. இதுவரைக்கும் புகார் இல்ல.

---

எண்பதுபல் எழுதியது:

எண்ணெயில் நாக்கு நன்றாக இறங்கும், மறுக்கவில்லை. ஆனால் ஒழுகி வெளியே வரும், தூசியைக் கூட்டிக்கொண்டு உள்ளே போகும். அடிக்கடி விடுவீர்கள் என்றால் எண்ணெய் சரி. வருஷத்துக்கு ஒருமுறை திறப்பவர்களுக்குக் கிரீஸ்.

---

பழையஇரும்பு எழுதியது:

ஸ்பிரிங் பற்றி ஒரு கேள்வி. ஒன்றில் நாக்கின் ஸ்பிரிங் இல்லவே இல்லை. பேனாவின் ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாமா?

---

லேத்கை எழுதியது:

போடலாம், ஆனால் எதை மாற்றுகிறாய் என்று தெரிந்து போடு. ஸ்பிரிங்கின் விறைப்பு கம்பித் தடிமனின் நாலாம் மடியில் ஏறும். 0.4 மி.மீ கம்பிக்குப் பதில் 0.5 போட்டால், மீதியெல்லாம் அப்படியே இருந்தாலும், விறைப்பு ஏறக்குறைய இரண்டரை மடங்கு. சுருள் எண்ணிக்கையைப் பாதியாக வெட்டினால் இரண்டு மடங்கு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் ஸ்பிரிங் வேலையில் முற்றிலும் வேறாக நடந்துகொள்வது இதனால்தான்.

விறைப்பு கூடினால் பல் நன்றாகக் கவ்வும் என்று நினைப்பு வரும். ஆனால் பின்னோக்கி வரும்போது இழுவை கூடும். தளர்வான நட்டை முடுக்கும்போது, நீ கைப்பிடியைப் பின்னால் கொண்டுவந்தால் நட்டும் கூடவே பின்னால் வரும். அது எரிச்சலான ராட்செட்.

இழுவையை அளக்க என்னிடம் ஒரு எளிய ஏற்பாடு. சதுரத்தை வைஸில் ஒரு சாக்கெட்டுக்குள் நிறுத்தி, கைப்பிடியைக் கிடைமட்டமாக வை, நாக்கு கவ்வாமல் நழுவி ஓடும் திசையில் தானாக விழும்படி. விழாவிட்டால் கைப்பிடியின் நுனியில் நூல் கட்டி நட்டுகளைக் கோத்துத் தொங்கவிடு. எத்தனை நட்டில் நகர ஆரம்பிக்கிறது என்று குறித்துக்கொள். நன்றாக ஓடும் அதே அளவு ராட்செட்டோடு ஒப்பிட்டால் ஸ்பிரிங் சரியா என்று தெரிந்துவிடும்.

---

இருநாக்கு எழுதியது:

இரட்டை நாக்கு மாடலைப் பூட்டுவதற்கு வழி உண்டா? இரண்டையும் பின்னால் தள்ளிப் பிடித்துக்கொண்டு கியரை இறக்க மூன்று கை வேண்டியிருக்கிறது.

---

தாங்குகட்டை எழுதியது:

பொய்க் கியர் ஒன்று செய்துகொள்ளுங்கள். கியரின் வெளி விட்டத்துக்குச் சரியாக ஒரு வளையம், பல் எதுவும் வேண்டாம். நைலானோ பித்தளையோ போதும், உயரம் நாக்கைவிடக் கொஞ்சம் கூட. நாக்குகளையும் ஸ்பிரிங்குகளையும் இடத்தில் வைத்து, இந்த வளையத்தை முதலில் இறக்குங்கள். நாக்குகள் வளையத்தின்மேல் சாய்ந்து நிற்கும். பிறகு உண்மையான கியரை வளையத்தின் மேலே வைத்து அழுத்தினால் வளையம் கீழ்ப்பக்கமாக வெளியேறும், கியர் அதன் இடத்தில் வந்து உட்காரும். தலை இருபக்கமும் திறந்த மாடலுக்கு இது.

அடி மூடியிருக்கும் தலையானால் வளையம் வெளியே போக வழியில்லை. அதற்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தகடுகளில் 0.1 அல்லது 0.15 மி.மீ எடுத்து நாக்குக்கும் கியருக்கும் நடுவில் நிற்கவிட்டு, கியர் இறங்கினபின் மேலே உருவிவிடலாம். ஸ்பிரிங் நழுவாமலிருக்க அதன் வாயில் கொஞ்சம் கெட்டி கிரீஸ். அங்கே மட்டும்தான் கெட்டி கிரீஸ், எண்பதுபல் கோபித்துக்கொள்ளக்கூடாது.

---

எண்பதுபல் எழுதியது:

மன்னித்துவிட்டேன்.

---

பழையஇரும்பு எழுதியது:

கடைசியாக அந்தக் குண்டு. சதுரத்தின் பக்கத்தில் துளை மட்டும் இருக்கிறது, குண்டும் ஸ்பிரிங்கும் இல்லை. அதே அளவுக் குண்டு போட்டால் வெளியே விழுந்துவிடாதா?

---

லேத்கை எழுதியது:

விழும். துளையின் உதட்டைச் சுற்றி உள்பக்கமாக மடக்கி அடித்திருப்பார்கள், அதுதான் குண்டைப் பிடித்துவைக்கிறது. குண்டு போயிருக்கிறது என்றால் அந்த உதடு தேய்ந்திருக்கிறது. மறுபடி மடக்க வேண்டும். இந்த இழையில் உண்மையிலேயே தனிக் கருவி என்று சொல்லத்தக்கது இதுதான், குண்டு மடக்கும் பஞ்ச் (சுத்தியலால் அடிக்கும் முனைக் கம்பி), அதையும் கடையில் தேடாதே.

சில்வர் ஸ்டீல் (காய்ச்சிக் கடினமாக்கக்கூடிய கருவி எஃகு) கம்பி எடு, துளையைவிட ஒரு மி.மீ தடித்தது. லேத்தில் முகத்தைச் சமன்செய்து நடுவில் ஒரு பள்ளம் துளை. பள்ளத்தின் வாய், வெளியே தெரியும் குண்டின் விட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, துளையின் விட்டத்துக்கு ஏறக்குறைய சமமாக இருக்கவேண்டும். பஞ்ச் குண்டைத் தொடவே கூடாது, உதட்டை மட்டும் தொடவேண்டும். வெளி ஓரத்தைச் சாய்வாகக் கடைந்தால் ஒரு மெல்லிய வளைய விளிம்பு மிஞ்சும். அதுதான் வேலை செய்யும் முகம்.

காந்தம் ஒட்டாத சூடு வரும்வரை சிவக்கக் காய்ச்சு, எண்ணெயிலோ தண்ணீரிலோ (அந்தக் கம்பிக்கு எது என்று கேட்டு வாங்கிக்கொள்) தோய். பிறகு துடைத்துப் பளபளப்பாக்கி, பின்பக்கமிருந்து மெதுவாகச் சூடேற்று. வைக்கோல் நிறம் கடந்து பழுப்பும் ஊதாவும் ஓடிவரும், ஏறக்குறைய 270 பாகை. அங்கே நிறுத்தி ஆறவிடு. இன்னும் கடினமாக விட்டால் விளிம்பு பெயரும்.

அடிக்கும்போது சதுரத்தின் எதிர்ப்பக்கம் கெட்டியான இரும்புக் கட்டைமேல் தட்டையாகப் படிந்திருக்கவேண்டும். ஸ்பிரிங், குண்டு வைத்து, பஞ்சை நேராக நிறுத்தி, இலேசாகப் பல தட்டு. ஒவ்வொரு தட்டுக்குப் பிறகும் குண்டு உள்ளே போய் வருகிறதா பார். ஓங்கி ஒரே அடி அடித்தால் கடினமான சதுரத்தில் உதடு விண்டுவிடும். விண்டால் அவ்வளவுதான், புதுக் கியர். பெரும்பாலான ரிப்பேர் கிட்டில் குண்டு மடக்கியே வரும், கிட் கிடைக்கும் மாடலுக்கு இந்தப் பாடே வேண்டாம்.

---

இருநாக்கு எழுதியது:

முதுகில் பொத்தான் இருக்கும் மாடலுக்கும் இதேதானா?

---

எண்பதுபல் எழுதியது:

இல்லை. அதில் குண்டுக்குப் பின்னால் ஸ்பிரிங் இல்லை. கியரின் நடுவே மேலும் கீழும் போகும் ஒரு கம்பி இருக்கிறது, அதன் பக்கத்தில் ஒரு பள்ளம். சும்மா இருக்கும்போது கம்பியின் தடித்த பகுதி குண்டை வெளியே தள்ளிப் பூட்டுகிறது. பொத்தானை அழுத்தினால் பள்ளம் குண்டுக்கு நேரே வந்து குண்டு உள்ளே ஒதுங்குகிறது. குண்டு சிக்கியிருந்தால் கம்பி ஓடும் துளையில் அழுக்கு ஏறியிருக்கிறது என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டுப் பொத்தானைத் திரும்பத் திரும்ப அழுத்தினாலே பல சமயம் சரியாகும். கம்பியைப் பிடித்து இழுக்காதீர்கள். பல மாடல்களில் அந்தக் கம்பியைப் பிடித்துவைப்பதே குண்டுதான்.

இந்தப் பொத்தான் ஏற்பாட்டுக்கு 1965ல் காப்புரிமை பெற்றவர் பீட்டர் ராபர்ட்ஸ், அமெரிக்காவில் சியர்ஸ் கடையில் வேலை பார்த்த பதின்வயதுப் பையன். உரிமையைக் கடைக்கே கொடுத்துவிட்டு, அதன் உண்மையான மதிப்பைத் தன்னிடம் மறைத்தார்கள் என்று பிறகு வழக்குப் போட்டார். 1970களில் நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

---

நெறியாளர் எழுதியது:

வழக்கு விவரங்களைப் பொது அரட்டைப் பகுதியில் தொடருங்கள். இங்கே கருவி மட்டும்.

---

பழையஇரும்பு எழுதியது:

இதுவரை பிரித்ததில் நிலவரம்: துளையில்லாத ரிங் கொக்கி, பித்தளைத் தகடு வைத்து அழகாக வந்துவிட்டது. உள்ளே தேய்மானமே இல்லை, எண்பதுபல் சொன்ன அதே கெட்டி கிரீஸ்தான், கருத்துப் பாறையாகியிருந்தது. ஓர் அரை இஞ்ச் ராட்செட்டில் குழியின் தோள் படி தட்டுகிறது, அதை உதிரிக்கு ஒதுக்கிவிட்டேன். அதன் கியர் இன்னொன்றுக்குப் பொருந்துமா என்று பார்க்கவேண்டும்.

தலை மடங்கும் மாடல் ஒன்று மிச்சம். மடங்கும் இடத்தில் ஆணி உள்ளேயே இருக்கிறது, எந்தப் பக்கமும் ஸ்க்ரூ தலை இல்லை. சாதாரண பஞ்ச் வைத்தால் வழுக்குகிறது.

---

சர்க்ளிப்சாமி எழுதியது:

ஆணியோட நடுவுல ஓட்டை தெரியுதா பாருங்க. தெரிஞ்சா அது ரோல் பின், சுருட்டின தகடு. அதுக்கு முனை நடுவுல சின்ன குமிழ் வெச்ச பஞ்ச் தனியா வருது. குமிழ் ஓட்டைக்குள்ள உக்காந்துக்கும், வழுக்காது, பின்னோட வாயும் நசுங்காது. பின்னைவிடக் கொஞ்சமே சின்ன அளவு எடுங்க. ஓட்டை இல்லாம முழு ஆணியா இருந்தா ரெண்டு நுனியையும் பூதக்கண்ணாடில பாருங்க. ஒரு நுனில வரிவரியா வெட்டு இருக்கும், அந்தப் பக்கமாத்தான் வெளியே தள்ளணும், எதிர்ப்பக்கத்துலேர்ந்து அடிங்க. தலை மடங்கற இடத்துக்கு அடியில ஸ்பிரிங்கும் குண்டும் இருக்கும், அதனால அக்கா சொன்ன பையை மறக்காதீங்க.

---

பழையஇரும்பு எழுதியது:

ஓட்டை தெரிகிறது, 3 மி.மீ பின். பஞ்ச் செட் சொல்லிவிட்டேன். லேத்கை அண்ணா, குண்டு மடக்கும் பஞ்சுக்குப் பள்ளம் துளைக்க சென்டர் டிரில் போதுமா, தனியாக வேண்டுமா?

---

லேத்கை எழுதியது:

சென்டர் டிரிலில் ஆரம்பி, பிறகு துளையின் அளவு டிரிலில் 2 மி.மீ ஆழம் இறக்கு. சென்டர் டிரிலோடு நிறுத்தினால் பள்ளம் கூம்பாக இருக்கும், குண்டு அதில் முட்டி உள்ளே அடிபடும்.